பாடாமல் விட்ட வரி

சென்ற வாரம் நாம் டீச்சரை விட்டுவிட்டு வந்தபோது, அவள் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கதவுக்கு வெளியே அவளுடைய அண்ணன் மகள், ஆறு வயதுக் குருவி, தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, "நாளைக்கு சர்ச்சுக்கு வரேன்னு சொன்னாத்தான் நகருவேன்" என்று அடம்பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சரி, வரேன். போய்த் தூங்கு" என்று டீச்சர் சொல்லிவிட்டாள். சொன்ன கையோடு, ஏன் சொன்னோம் என்றிருந்தது.

இப்போது ஞாயிற்றுக்கிழமை காலை. குழந்தைகளிடம் கொடுத்த வாக்கை மீறிப் பழக்கமில்லாதவள் டீச்சர். எழுந்து முகம் கழுவினாள்.

ஒன்றாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள் என்பதால் வீட்டிலும் அவளுக்கு அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. கழுத்தில் ஒரு கட்டி என்று அறுவை சிகிச்சைக்குப் போனவள், கட்டி போய், உயிர் பிழைத்து, குரல் மாறித் திரும்பி வந்தாள். ஆலயத்துப் பாடகர் குழுவில் எல்லாருக்கும் மேலே எழும்பி நின்ற குரல் அது. இப்போது வாயைத் திறந்தால், தரையில் நாற்காலியை இழுத்த மாதிரி ஒரு கரகரப்பு.

"பழைய உயரம் வராது. ஆனா உபயோகிக்க உபயோகிக்கப் பலப்படும். பேசுங்க, பாடுங்க" என்றார் டாக்டர். அவள் பேச்சைக் குறைத்தாள். பாட்டை நிறுத்தினாள். ஆலயத்துக்குப் போவதும் நின்றது. வாயை மூடிக்கொண்டவள் மனசையும் சேர்த்து மூடிக்கொண்டாள். ஜெபம் செய்ய உட்கார்ந்தால் ஒரு வார்த்தையும் வருவதில்லை. "கொடுத்ததே ஒண்ணுதான். அதையும் எடுத்துக்கிட்டார்" என்று ஒரு நாள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவள் தலையைத் தடவிக்கொடுத்தாள்.

விடுப்பு இன்றோடு முடிகிறது. வேலைக்குத் திரும்புகிறாளா, விட்டுவிடுகிறாளா என்று மாலைக்குள் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். விட்டுவிடுகிறேன் என்று சொல்வதற்கு வாக்கியம்கூட மனசுக்குள் தயாராக இருந்தது. ஒன்றாம் வகுப்பு என்றால் பாதி நாள் பாட்டுத்தான். இந்தக் குரலை வைத்துக்கொண்டு அங்கே போய் என்ன செய்வது?

*

காலை உணவு மேசையில் எல்லாரும் உட்கார்ந்தாயிற்று. ரொட்டி, அவித்த முட்டை, தேநீர்.

இந்த வீட்டு வழக்கம் ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். சாப்பிடுமுன் இவர்கள் ஜெபத்தைச் சொல்வதில்லை, பாடுவார்கள். பாட்டு அப்பா கட்டியது. அப்பா லிப்ட் மெக்கானிக். பல வருடங்களுக்கு முன்பு, பழுது பார்க்கப் போன இடத்தில் மின்சாரம் போய், இரண்டு மாடிகளுக்கு நடுவே இருட்டில் தனியாக மாட்டிக்கொண்டார். ஆள் வந்து மீட்பதற்குள் பாட்டு தயாராகிவிட்டது.

*உண்ண வைத்தீர், உறங்க வைத்தீர்,*
*உமது கையில் எழுகிறோம்;*
*இருட்டினிலும் எங்களோடே —*
*இங்கே இருக்கிறீர், இங்கே இருக்கிறீர்.*
*உமக்கே நன்றி சொல்லுவோம்.*

நான்கு குரலுக்கான பாட்டு. ஆளுக்கு ஒரு மெட்டு. அடியில் அப்பா, அதற்கு மேல் அண்ணன், நடுவில் அம்மா, உச்சியில் டீச்சர். பாட்டின் உண்மையான மெட்டு டீச்சருடையது. மற்ற மூன்றும் அதற்கு முட்டுக்கொடுக்கிறவை. "இங்கே இருக்கிறீர்" என்ற வரி வரும்போது மற்ற மூவரும் அடங்கிவிட வேண்டும். அந்த வரி அவளுக்கே அவளுக்கு.

டீச்சர் பாடுவதை நிறுத்திய பிறகும் பாட்டு நிற்கவில்லை. மூன்று பேரும் அவரவர் மெட்டை அப்படியே பாடினார்கள். அந்த வரி வந்ததும், பழைய வழக்கப்படியே, கண்ணை மூடிக்கொண்டு வாய் திறவாமல் காத்திருந்தார்கள். பிறகு "உமக்கே நன்றி" என்று தொடர்ந்தார்கள். மெட்டு இல்லாமல், நடுவில் ஓட்டையோடு, வேளைக்கு வேளை இதே கதை. விருந்தாளி யாராவது வந்தால் குழம்பிப்போவார். அண்ணனுடைய நண்பர் ஒருவர், "உங்க குடும்பத்துல எல்லாருக்கும் ஒரே நேரத்துல மறந்துபோகுமா?" என்று கேட்டே விட்டார்.

இன்றும் அந்த இடம் வந்தது. மூவரும் கண்ணை மூடினார்கள். அம்மா பக்கத்தில் குருவியும் மூடினாள். கடிகாரச் சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் கரண்டியைத் தட்டில் போட்டாள்.

"போதும்ப்பா! நான் என்ன செத்தா போயிட்டேன்? வேளாவேளைக்கு எனக்கு அஞ்சலி நடத்தறீங்க?"

அண்ணன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். அவன் ரொட்டிக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். விடியுமுன்னே எழுகிறவன் என்பதால் எந்த ஜெபத்திலும் பாதித் தூக்கத்தில் இருப்பவன்.

"என்ன அஞ்சலி? யாரும் மாலை போடலையே" என்றான்.

"கிண்டலா இருக்குல்ல உனக்கு? அம்மா அந்த மெட்டைப் பாடிட்டுப் போகலாம்ல? இல்ல நீ பாடு. யாராவது பாடி அதை மூடுங்க. எனக்கு இடம் விட்டு இடம் விட்டு, தினமும் என்னைக் குத்திக் காட்டறீங்க."

அப்பா முகம் வாடிவிட்டது. ரொட்டித் துண்டை வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். அம்மாதான் பேசினாள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். பதற்றத்தோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசி, குரலை உயர்த்தாமல் பேசக் கற்றவள்.

"இடம் விட்டு வைக்கிறது செத்தவங்களுக்கு இல்லடி. வெளியே போயிருக்கிறவங்களுக்கு."

டீச்சர் கரண்டியை எடுத்துத் தட்டோரமாக வைத்தாள்.

"அத்தை, முட்டை ஆறிடுது" என்றாள் குருவி. "சீக்கிரம் சாப்பிடு. இன்னைக்கு நான்தான் முக்கியம்."

*

ஆலயத்துக்கு நடந்தே போகும் தூரம்தான். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் முன்னால் போக, டீச்சரும் அண்ணியும் ஒரே குடையில் பின்னால் வந்தார்கள்.

இந்த நாட்களில் டீச்சரால் மனம்விட்டுப் பேச முடிந்த ஒரே ஆள் அண்ணிதான். காரணம் வேடிக்கையானது. அண்ணிக்குச் சுருதி என்றால் என்னவென்றே தெரியாது. பிறந்தநாள் பாட்டைக்கூட வாசித்துக்காட்டுவது போலத்தான் பாடுவாள். பாடுகிற குடும்பத்துக்கு மருமகளாக வந்து, சாப்பாட்டு ஜெபத்தின்போது கைகூப்பி உதட்டை மட்டும் அசைப்பவள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, மற்றவர்கள் எல்லாரும் டீச்சரின் முதல் வார்த்தையைக் கேட்டு முகம் மாறினார்கள். அண்ணி மாறவில்லை. "குரல் மாறிடுச்சா? எனக்கு ஒண்ணும் தெரியலையே. நீ பழைய மாதிரிதான் திட்டற" என்றாள். அது ஆறுதலுக்காகச் சொன்ன பொய்யில்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. டீச்சருக்கு அன்று அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"சாயங்காலம் போன் பண்ணி என்ன சொல்லப் போற?" என்று அண்ணி கேட்டாள்.

"வரலைன்னு."

"ம்."

"என்ன ம்? ஏதாவது சொல்லுங்க அண்ணி."

"நான் என்ன சொல்றது? உனக்காக ஜெபம் பண்றேன். அதுவும் உன்கிட்ட சொல்லாமத்தான் பண்ணிட்டிருந்தேன். சொன்னா பாரமாயிடும்னு." அண்ணி குடையை டீச்சர் பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்த்தாள். தன் தோள் நனைவதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை. "ஆனா இன்னைக்குப் பிள்ளைங்க பாடறப்போ கடைசி வரைக்கும் இரு. நடுவுல ஓடிடாதே. என் வகுப்பு பாடுது. ஒரு ஆச்சரியம் வச்சிருக்கோம்."

ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்பை நடத்துவது அண்ணிதான். கதை சொல்வதில் கெட்டிக்காரி. பாட்டு மட்டும் உதவிக்கு வரும் வேறொரு அம்மாவின் பொறுப்பு. அந்த அம்மா இரண்டு மாதமாகப் பிரசவ விடுப்பில்.

"அப்போ பாட்டு யார் சொல்லிக்கொடுத்தது?" என்று டீச்சர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டிருந்தால் இந்த அத்தியாயம் இங்கேயே முடிந்திருக்கும்.

*

டீச்சர் கடைசிப் பெஞ்சில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாடகர் குழுவில் தன் பழைய இடத்தைப் பார்க்காமலிருக்க, சுவரிலிருந்த மின்விசிறிப் பொத்தான்களை எண்ணிக்கொண்டிருந்தாள். பெஞ்சின் மறுகோடியில் ஒரு பெண். நனைந்த சட்டை, கையில் கார் சாவி. அவளும் கதவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

போதகர் எழுந்து, "இன்னைக்கு நம்ம சின்னப் பிள்ளைங்க ஒரு பாட்டு பாடப் போறாங்க. ஒரு குடும்பத்துல சாப்பாட்டு வேளையில பாடற பாட்டாம்" என்றார்.

டீச்சருக்குத் திக்கென்றது.

பிள்ளைகள் வரிசையாக வந்து நின்றார்கள். நடுவில் குருவி, தலையில் ரிப்பன், முகத்தில் ராணுவத் தளபதியின் கண்டிப்பு. ஓரத்தில் அண்ணி பெருமையோடு கைகட்டி நின்றாள். குருவி விரலால் ஒன்று, இரண்டு, மூன்று என்று காட்டினாள். பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்.

உண்ண வைத்தீர், உறங்க வைத்தீர் என்று அத்தனை குழந்தைகளும் தொண்டை கிழியப் பாடினார்கள். ஆனால் பாடியது பாட்டின் மெட்டில்லை, அம்மாவின் மெட்டு. நான்கு குரல்களுக்கு நடுவே நின்று முட்டுக்கொடுக்கிற அந்த நடுக்குரல் மெட்டு. ஒரே சுரத்தில் நின்று நின்று, ஒரு படி இறங்கி, திரும்ப அதே சுரத்துக்கு வந்து நின்றது. தனியாகக் கேட்டால், பேருந்து நிலையத்தில் யாரோ வண்டி நேரம் அறிவிக்கிற மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். மேசையில் குருவியின் இடம் பாட்டிக்குப் பக்கத்தில். அத்தை பாடிய காலம் அவளுக்கு மறந்தே போயிருந்தது; இத்தனை மாதமாக அவள் காதில் விழுந்தது பாட்டியின் மெட்டு மட்டும்தான். அதுதான் பாட்டு என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்கே சொல்லிக்கொடுத்துவிட்டாள். தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டிய அண்ணிக்கோ எல்லாம் ஒன்றுதான்.

சபையார் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன் வரிசையில் அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இருட்டினிலும் எங்களோடே" என்று பிள்ளைகள் பாடினார்கள். அதோடு நின்றார்கள்.

அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

மறந்துவிட்டார்கள் என்று சபை நினைத்தது. பியானோக்காரர் உதவிக்கு ஒரு சுரத்தைத் தட்டினார். குருவி ஒரு கண்ணைத் திறந்து அவரை முறைத்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். பிறகு விரலைக் காட்டினாள். "உமக்கே நன்றி சொல்லுவோம்!" என்று எல்லாரும் ஒன்றாக முடித்தார்கள்.

வீட்டில் எப்படி நடக்கிறதோ அப்படியே சொல்லிக்கொடுத்திருந்தாள். அந்த மௌனமும் பாட்டில் ஒரு வரி என்று நினைத்திருந்தாள்.

பாட்டு முடியவில்லை. மூன்று முறை பாட வேண்டும் என்பது குருவியின் ஏற்பாடு. ஒரே தடவையோடு முடித்தால் கைதட்டல் குறைவாக வரும் என்பது அவள் கணக்கு. இரண்டாம் முறை ஆரம்பித்தபோது பெரிய பையன்கள் சிலர் சிரிக்கத் தொடங்கினார்கள். குருவி காதில் அது விழுந்தது. அவள் இன்னும் சத்தமாகப் பாடினாள். ஆனால் காது நுனி சிவந்துவிட்டது.

பேத்தியின் காது சிவந்ததை அப்பா பார்த்தார். உட்கார்ந்த இடத்திலிருந்தே தன் அடிக்குரலை எடுத்துவிட்டார். அடுத்த நொடி அண்ணனும் சேர்ந்தான். யாரும் திட்டமிடவில்லை. குழந்தை தனியாக நிற்கிறாள், போய் இரண்டு பக்கமும் தோள்கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பாட்டுக்குக் கொஞ்சம் உருவம் வந்தது. சிரித்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுபடியும் அந்த வரி. மறுபடியும் மௌனம். இப்போது அப்பாவும் அண்ணனும்கூடக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

டீச்சர் மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாள். அதனால்தான் அந்தக் குழந்தைகளின் முகங்களைப் பார்த்தாள்.

ஒரு முகத்திலும் சோகமில்லை. பக்கத்துப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, உதட்டில் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாசல் மணி அடித்ததும் ஓடிப்போய்க் கதவைத் திறக்கத் தயாராக நிற்கிற பிள்ளைகள் மாதிரி நின்றார்கள். இந்த மௌனத்தைத்தான் அவள் இத்தனை நாளும் குத்திக்காட்டுவது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். இந்த மௌனத்தில்தான் ஆண்டவர் தன்னை விட்டுப் போய்விட்டார் என்று நினைத்தாள். அந்த வரியை யாரும் பாடாத நாட்களிலும் அந்த வரி சொல்கிற செய்தி பொய்யாகிவிடவில்லை என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பாடினாலும் பாடாவிட்டாலும் அவர் அங்கேயேதான் இருந்திருக்கிறார்.

மூன்றாம் முறை. உண்ண வைத்தீர். உறங்க வைத்தீர். இருட்டினிலும் எங்களோடே.

மௌனம்.

டீச்சர் எழுந்து நின்றாள்.

வாயைத் திறந்தபோது முதலில் காற்றுத்தான் வந்தது. இரண்டாவது முயற்சியில் குரல் வந்தது. பழைய உயரத்துக்கு அது ஏறவில்லை. படிக்கட்டில் பாதியிலேயே உட்கார்ந்துகொண்டு, கீழிருந்தபடியே, கரகரவென்று பாடியது.

"இங்கே இருக்கிறீர்... இங்கே இருக்கிறீர்."

அந்த இடத்தில் ஒரு சத்தத்தையும் கேட்டுப் பழகாத பிள்ளைகள் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். ஒரு சிறுவன் உரத்த குரலில் கேட்டான்: "யாருடா அது? ஆம்பளையா?"

குருவி திரும்பி அவனைப் பார்த்தாள். "எங்க அத்தைடா!"

சபை முழுக்கச் சிரித்தது. டீச்சரும் சிரித்துவிட்டாள். நின்ற இடத்திலேயே, கண்ணில் நீர் வழிய, வயிறு குலுங்கச் சிரித்தாள். "உமக்கே நன்றி" என்ற கடைசி வரியைப் பிள்ளைகள் பாட மறந்தே போனார்கள். போதகர்தான் எழுந்து, "அந்த ஒரு வரி பாக்கி இருக்கு. நாம எல்லாரும் சேர்ந்து முடிச்சிடலாமா?" என்றார். மெட்டு தெரியாமலே முழுச் சபையும் பாடியது. ஆளுக்கு ஒரு மெட்டு. இந்த உலகத்தில் அவ்வளவு மோசமாக ஒரு வரி பாடப்பட்டிருக்காது. அவ்வளவு சந்தோஷமாகவும் பாடப்பட்டிருக்காது.

அண்ணி மட்டும் ஒன்றும் புரியாமல் கைதட்டினாள். "நல்லாத்தானே பாடினாங்க? எதுக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க?"

*

ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, பெஞ்சின் மறுகோடியில் இருந்த பெண் டீச்சரை நிறுத்தினாள்.

"ஒரு நிமிஷம்ங்க. அந்த வரி என்ன? இங்கே...?"

"இங்கே இருக்கிறீர்."

"ம். அதுதான்." அவள் சாவியை விரலில் சுற்றினாள். "நான் டாக்ஸி ஓட்டறேன். மழைக்கு ஒதுங்கித்தான் உள்ளே வந்தேன். எனக்கு இந்த வருஷம் எதுவுமே சரியில்ல. உள்ளே வந்தும் போயிடலாம்னுதான் பார்த்துட்டிருந்தேன்."

"நானும்தான்" என்றாள் டீச்சர்.

அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்தாள். "தப்பா எடுத்துக்காதீங்க. அழகா பாடியிருந்தா, நல்ல பாட்டுன்னு கேட்டுட்டுப் போயிருப்பேன். இந்தக் குரல்ல கேட்டதாலதான் நிஜம்னு தோணுச்சு."

சொல்லிவிட்டு, கூச்சத்தோடு தலையசைத்துத் தூறலில் இறங்கிக் காரை நோக்கி ஓடினாள். டீச்சர் சற்று நேரம் படியிலேயே நின்றாள். இதுவரை அவள் பாட்டை எத்தனையோ பேர் புகழ்ந்திருக்கிறார்கள். நிஜம் என்று யாரும் சொன்னதில்லை.

*

மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் மேசையில் ஒரு பெரிய மாநாடு நடந்தது.

"பாப்பாவுக்கு எட்டற மாதிரி மொத்தப் பாட்டையும் கீழே இறக்கணும்" என்றார் அப்பா. முப்பது வயதைத் தாண்டிய மகளை அவர் இன்னும் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்.

"இறக்கினா நீங்க எங்கே போவீங்க?" என்றாள் அம்மா.

"எங்கே வேணா போவேன். பாடு பார்க்கலாம்."

பாடினார்கள். டீச்சரின் புதுக் குரலுக்கு மெட்டு கச்சிதமாகப் பொருந்தியது. அம்மாவும் அண்ணனும் ஒருவாறு சமாளித்தார்கள். அப்பாவின் குரல் கீழே, கீழே, இன்னும் கீழே போய், ஒரு இடத்தில் வெறும் உறுமலாகி, கடைசியில் சத்தமே இல்லாமல் வாய் மட்டும் அசைந்தது.

"என்னப்பா, லிப்ட் அடித்தளத்தையும் தாண்டிப் போயிடுச்சா?" என்றான் அண்ணன்.

"கயிறு அறுந்துபோச்சுடா" என்றார் அப்பா, தண்ணீரைக் குடித்தபடி.

எல்லாரும் சிரித்தபோது குருவி மட்டும் கோபமாக உட்கார்ந்திருந்தாள்.

"நான் கஷ்டப்பட்டுச் சொல்லிக்கொடுத்ததை எல்லாரும் மாத்திட்டீங்க. இப்போ கண்ணை எப்போ மூடறது?"

"எப்போ வேணும்னாலும் மூடிக்கோ" என்றாள் டீச்சர். அவளை இழுத்து மடியில் உட்காரவைத்து, நெற்றியில் முத்தமிட்டாள். "நீ சொல்லிக்கொடுத்ததுதான்டி சரி. நான்தான் வர லேட்."

அம்மா எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

*

மாலையில் டீச்சர் தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தாள். மனசுக்குள் தயாராக இருந்த வாக்கியம் தேவைப்படவில்லை. புதிதாக ஒன்றைத் தயாரிக்கவும் நேரமில்லை.

"மேடம், நாளைக்கு வரேன். ஆனா என் குரல் மாறியிருக்கு. முன்ன மாதிரி இருக்காது."

"அப்பாடா!" என்றார் தலைமை ஆசிரியை. மறுமுனையில் அவர் நாற்காலியில் சாய்கிற சத்தம் கேட்டது. "குரல் கிடக்கட்டும்மா. நீங்க வந்தா போதும். ஆனா ஒரு விஷயம் சொல்லிடறேன். உங்க இடத்துல வந்தாரே மாற்று ஆசிரியர், அவரைப் பிள்ளைங்க விடமாட்டேங்கிறாங்க. அதனால கொஞ்ச நாளைக்கு ரெண்டு பேரும் ஒரே வகுப்புலதான்."

"அவ்வளவு நல்லா பார்த்துக்கறாரா?"

"தங்கமான மனுஷர். பிள்ளைங்களுக்கு மூக்குத் துடைக்கிறதுலேர்ந்து செருப்பு மாட்டறது வரைக்கும் பொறுமையாச் செய்யறார். ஒண்ணே ஒண்ணுதான் புரியல." அவர் குரலைத் தாழ்த்தினார். "பாட்டு நேரம் வந்தா மட்டும், கேசட்டைப் போட்டுட்டு வராந்தாவுல போய் நின்னுடறார். பாட்டு முடியற வரைக்கும் உள்ளே வரமாட்டார். ஏன்னு கேட்டா சிரிச்சு மழுப்பறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தா மேல கேட்க மனசு வரலை."

டீச்சர் போனை வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. கதவுக்கு வெளியே நிற்பது எப்படியிருக்கும் என்பது அவளுக்குத் தெரியும்.

அறைக்குப் போய்க் கட்டிலோரத்தில் முழங்காலிட்டாள். எத்தனையோ மாதங்களாக ஒரு வார்த்தையும் வராத இடம் அது. இன்று வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவரே, வராந்தாவுல நிக்கிற அந்த மனுஷருக்கு..."

கதவு கிறீச்சிட்டது. குருவி எட்டிப் பார்த்தாள்.

"யாருக்காக ஜெபம் பண்ற அத்தை?"

"பேர் தெரியல."

"பேர் தெரியாம எப்படி? கடவுள் குழம்பிட மாட்டாரா?"

"மாட்டார். நீயும் வா."

குருவி ஓடிவந்து பக்கத்தில் முழங்காலிட்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அந்த மனிதர் யார், பாட்டு என்றால் அவர் ஏன் ஒதுங்கிப்போகிறார் என்று இருவருக்கும் தெரியாது. திறந்த ஜன்னல் வழியாகத் தெருவில் போன யாரோ ஒருவர் காதில், ஒரு கரகரத்த குரலும் அதற்குக் குறுக்கே ஒரு கீச்சுக் குரலும் சேர்ந்து, முன்பின் தெரியாத ஒருவருக்காக வெகுநேரம் மன்றாடுவது விழுந்திருக்கும்.